தரையைத் தொடாத கோடு

கோடு மறுபடியும் மேலே போயிருந்தது.

கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் அவள் சுவருக்கு முன்னால் நின்றாள். சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் ஒரு சிவப்புக் கோடு. இடது மூலையில் உச்சியில் கிளம்பி, வலது பக்கமாகச் சரிந்து சரிந்து வந்து, ஒரு நாள் அடியில் இருக்கும் கறுப்புக் கோட்டைத் தொட வேண்டியது. சிவப்பு என்பது மீதமிருக்கும் வேலை. கறுப்பு என்பது தரை. சிவப்பு தரையைத் தொட்டால் திட்டம் முடிந்தது. ஆரம்பத்தில் நல்ல பிள்ளையாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச காலமாக அதற்கு என்னவோ ஆகிவிட்டது. இறங்குகிற மாதிரி இறங்கி, திங்கட்கிழமையானால் தலையைத் தூக்குகிறது.

"ஏறிடுச்சா மேடம்?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தாடி. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கெல்லாம் தலைவன். அவன் பெயரைச் சொன்னால் அலுவலகத்தில் பாதிப்பேருக்கு ஆள் யாரென்று தெரியாது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்கித்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு. சனி ஞாயிறு ஆபீசுக்கு ஒரு ஈ காக்கா வரல. தானா வளருது போல."

அவன் காப்பிக் கோப்பையோடு போய்விட்டான். அவள் மட்டும் கோட்டின் அந்த முனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வரவில்லை. அது ஏன் ஏறுகிறது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்றுதான் இருந்தது. அவள் சுபாவமே அப்படி.

ஊரெல்லாம் பஸ் விடும் ஒரு பெரிய கம்பெனிக்காக டிக்கெட் மென்பொருள் செய்கிற திட்டம் அது. எந்தப் பஸ்ஸில் எந்த இருக்கை காலி என்று படம் போட்டுக் காட்டி, விற்று, அச்சடித்து, கணக்கு வைத்து, பஸ் பழுதானால் பயணிக்குச் செய்தியும் அனுப்ப வேண்டும். கட்டடத்தின் இரண்டு தளங்களில் ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்தார்கள். காலி இருக்கையைப் பச்சையில் காட்டுவதா நீலத்தில் காட்டுவதா என்பதற்கே கூட்டம் போட்டுச் சண்டை நடந்து, கடைசியில் பச்சை ஜெயித்தது. இதில் ஒரு வரிகூட அவள் எழுதியதில்லை. எப்போது முடியும் என்று சொல்வதுதான் அவள் வேலை. அறைக் கதவில் 'முன்னேற்றக் கண்காணிப்பாளர்' என்று எழுதியிருந்தது. அவள் காது கேட்காத தூரத்தில் எல்லாரும் அவளை 'ஜோசியம்' என்றார்கள்.

அவளுக்கும் தெரியும். அதைப் பற்றி வருத்தமில்லை. ஜோசியம் பலிக்கவில்லையே என்றுதான் வருத்தம்.

ஏனென்றால் அந்தக் கோட்டில் அவளுடைய சொந்தக் கதையும் இருந்தது. கணவனும் மகளும் வேறு ஊரில் இருந்தார்கள். இவள் இங்கே பெண்கள் விடுதி ஒன்றில், ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர் தெரிகிற அறையில் இருந்தாள். சொந்த ஊரிலும் கம்பெனிக்கு ஒரு கிளை உண்டு. மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். "கோடு தரையைத் தொடட்டும். மறுநாளே உனக்கு மாற்றல். என் கையாலயே கடிதம் கொடுக்கறேன்." அன்றிலிருந்து ஊரில் பாதிப்பேர் நாட்காட்டியைப் பார்த்து நாளை ஓட்ட, அவள் கோட்டைப் பார்த்து ஓட்டினாள்.

அன்று சாயங்காலம் கணவன் போனில் வந்தான். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை. ஊசி குத்துவதைப் போலவே பேச்சும் வலிக்காமல் இருக்கும்.

"காலை ஷிப்டுக்கு வர்றியான்னு கேட்டாங்கம்மா. பதவி உயர்வும் அதோட சேர்ந்து வருது. ஆனா பாப்பாவை யாரு ஸ்கூல்ல விடறது? பக்கத்து வீட்டு அக்காவால இனிமே முடியாது, அவங்களுக்கே மூட்டு வலி. நீ எப்ப வருவேன்னு தெரிஞ்சா நான் பதில் சொல்லிடுவேன்."

"மாசக் கடைசி வரைக்கும் டயம் இருக்கில்லங்க?"

"இருக்கு. போன மாசமும் ஒரு கடைசி இருந்துச்சு."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். உலகத்துக்கே முடிவு நாள் சொல்கிற வேலையில் இருந்துகொண்டு, கட்டின புருஷனுக்கு ஒரு தேதி சொல்ல முடியவில்லை.

அன்றிரவு விடுதியில் படுத்துக்கொண்டு யோசித்ததில் காரணம் பிடிபட்டது. எல்லாம் வார்த்தைகளால் வருகிற வினை. வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். 'முடிஞ்ச மாதிரிதான்' என்று தாடி சொன்னால் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம். 'கிட்டத்தட்ட' என்று சோதனைக் குழுவின் கண்ணாடி அக்கா சொன்னால் முடிந்து வெகு நாளாயிற்று, ஒரு தும்மல் மட்டும் பாக்கி என்று அர்த்தம். 'முடிச்சுடலாம்' என்று யார் சொன்னாலும் அதற்கு அர்த்தமே கிடையாது. வீட்டில் கணவன் 'இதோ கிளம்பிட்டேன்' என்றால் இன்னும் துண்டோடுதான் நிற்கிறான் என்பதை அவள் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்தவள். அந்தத் திறமையை இங்கே காட்டினால் என்ன?

மறுநாள் வார்த்தைகளை ஒழித்தாள். கணினியிலேயே ஒரு படிவம். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு கட்டம். அதில் எண் மட்டும்தான் போடலாம். எத்தனை சதவீதம் முடிந்தது, அவ்வளவுதான். எழுத்தை அடித்தால் கட்டம் 'டொய்ங்' என்று கத்திவிட்டுத் துப்பிவிடும்.

நினைத்தபடி நடக்கவில்லை. சதவீதம் கேட்டதும் எல்லாருக்கும் பொறுப்பு வந்துவிட்டது. 'டிக்கெட் அச்சு' என்று ஒரே வரியாக இருந்த வேலையை, சரியாக அளந்து சொல்ல வேண்டுமே என்று பிரித்தார்கள். தாளின் அளவு, எழுத்தின் அளவு, ஓரம், கிழிக்கும் இடம் என்று ஒரு வேலை குட்டி போட்டது. குட்டிகளும் குட்டி போட்டன. பட்டியல் நீண்டது. பட்டியல் நீண்டால் மீதி வேலை அதிகம். கோடு ஜம்மென்று ஏறியது.

அந்த வாரத்தில் தாடி அவள் அறைக்கு வந்தான்.

"மேடம், இந்தக் கட்டத்துல ஒரு விஷயம் எழுதணும். ஏத்துக்க மாட்டேங்குது."

"எழுத்து வேண்டாம்னுதான் அந்தக் கட்டமே வெச்சிருக்கேன். எண்ணாப் போடுங்க."

"இது எண்ணாச் சொல்ற விஷயம் இல்ல மேடம். பஸ் கம்பெனி…"

"எல்லாத்தையும் எண்ணாச் சொல்லலாம். உக்காந்து யோசிச்சா வரும்."

அவன் தாடியைத் தடவிக்கொண்டான். பிறகு, "சரி மேடம், எண்ணாவே சொல்லிடறேன்," என்று போனான்.

அடுத்த நாள் காலையில் அவள் வந்து பார்த்தபோது சிவப்புக் கோடு மலை உச்சியிலிருந்து குதித்த மாதிரி விழுந்து தரையில் மல்லாந்து கிடந்தது. பட்டியலைத் திறந்தாள். எல்லாக் கட்டத்திலும் நூறு. மேலிருந்து கீழ்வரை, குட்டிகள் உட்பட, நூறு நூறு நூறு.

மேலாளரைக் கூட்டிவந்து காட்டினால் போதும். மாற்றல் கடிதம், மூட்டை முடிச்சு, வீடு. பாப்பாவைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு, அவள் திரும்பிப் பார்க்கிறாளா என்று நின்று பார்க்கலாம். ஆனால் அவளுக்கு மனசாட்சி என்று ஒன்று இருந்தது. நேற்று வரைக்கும் குட்டி போட்டுக்கொண்டிருந்த வேலை ஒரே ராத்திரியில் முடியுமா? நூறு போட்டால் தொல்லை விட்டது என்று நினைத்திருக்கிறார்கள். பொய்யான ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதற்கு அவள் மனம் ஒப்பவில்லை.

தாடியைக் கூப்பிட்டாள். "என்ன இது, எல்லாத்துக்கும் நூறு போட்டிருக்கீங்க?"

"நீங்கதானே எண்ணாச் சொல்லச் சொன்னீங்க?"

"விளையாடாதீங்க. நான் உங்களை நம்பறேன்ங்கறது வேற. ஆனா நம்பிக்கையை வெச்சுக் கோடு போட முடியாது. இனிமே சோதனைக் குழு உறுதி செஞ்சாத்தான் நூறு. அதுவரைக்கும் தொண்ணூத்தொம்போதுக்கு மேல கட்டம் ஏத்துக்காது."

தாடி தொண்ணூற்றொன்பது போடப் போனான்.

சோதனைக் குழுவின் தலைவி கண்ணாடி அக்கா. மூக்கின் மேல் ஒரு கண்ணாடி, தலைமேல் ஒரு கண்ணாடி, எப்போதும் மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பாள். புது விதியைக் கேட்டதும் மூக்கின் மேல் இருந்ததைக் கழற்றிவிட்டாள்.

"ஒவ்வொண்ணுக்கும் நான் உறுதி கொடுக்கணுமா? அதெல்லாம் நான் எப்பவோ பார்த்தாச்சேம்மா."

"பார்த்தீங்க, சரி. ஆதாரம் வேணும்க்கா. என்னைக்குப் பார்த்தீங்க, எதை வெச்சுப் பார்த்தீங்க, யார் கூட இருந்தாங்க."

"அதுக்கு முதல்லேர்ந்து மறுபடி பார்க்கணும்."

"பாருங்கக்கா."

"பார்க்கறதா, பார்த்தேன்னு எழுதறதா, எதை முதல்ல செய்யட்டும்?"

"ரெண்டையும்தான்," என்றாள் இவள். சொன்ன பிறகுதான் அது பதிலே இல்லை என்று தோன்றியது. ஆனால் அதற்குள் அக்கா தலைமேல் இருந்த கண்ணாடியைத் தேடிக்கொண்டு போய்விட்டாள்.

ஒவ்வொரு வேலைக்கும் கூடவே 'உறுதி செய்தல்' என்று இன்னொரு வேலை பட்டியலில் சேர்ந்தது. கோடு எழுந்து நின்றது. பழைய உயரத்தையும் தாண்டியது.

இப்படி இருக்கும்போதுதான் பஸ் கம்பெனியிலிருந்து ஒரு பூங்கொத்து வந்தது. சின்னதில்லை, இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வருகிற அளவுக்குப் பெரியது. நடுவில் ஒரு அட்டை. அதில் 'மனமார்ந்த நன்றி' என்ற இரண்டே வார்த்தை.

மேலாளர் அவளை அவசரமாகக் கூப்பிட்டார். பூங்கொத்து மேசைமேல் இருந்தது. அதற்குப் பின்னால் மேலாளர் இருந்தார். முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"பார்த்தியாம்மா?"

"அழகா இருக்கு சார்."

"அழகா? இது நன்றி இல்லம்மா, குத்தல். நாம இன்னும் முடிச்சுக் கொடுக்கல. உன் கோடு ஏறிக்கிட்டே இருக்கு. இந்த நேரத்துல ஒருத்தன் பூ அனுப்பறான்னா என்ன அர்த்தம்? நாசூக்கா நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரிக் கேக்கறான்."

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் ஏதோ ஒன்று உறுத்தியது. குத்தலுக்கு இவ்வளவு பெரிய பூங்கொத்தா என்று ஆச்சரியமாக இருந்தது. சந்தேகத்தைக் கேட்பதற்குள் மேலாளர் பூக்களை விலக்கிக்கொண்டு முகத்தை நீட்டினார்.

"இனிமே வாரத்துக்கு ஒரு தடவைல்லாம் கேட்டுக்கிட்டு இருக்க முடியாது. காலையில ஒரு அறிக்கை, சாயங்காலம் ஒரு அறிக்கை. ஒவ்வொருத்தரும். காலைல என்ன நினைச்சாங்க, சாயங்காலம் என்ன ஆச்சு, ரெண்டுக்கும் வித்தியாசம் ஏன்."

அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட வந்தது. இவ்வளவு தகவல் கிடைத்தால் கோட்டின் மர்மம் பிடிபடாமலா போகும்?

தாடி வந்தான். இந்த முறை உட்காரக்கூட இல்லை.

"மேடம், ஒரே ஒரு நியாயம் மட்டும் கேக்கறேன். அறிக்கை எழுதறது வேலையா, இல்லையா?"

"வேலைதான்."

"அப்ப அது பட்டியல்ல இருக்கணும் இல்லையா?"

நியாயம் நியாயம்தானே. 'காலை அறிக்கை' என்றும் 'மாலை அறிக்கை' என்றும் 'வித்தியாச விளக்கம்' என்றும் ஒவ்வொருவர் பெயரிலும் சேர்த்தாள். அன்று சாயங்காலம் கோடு திரையின் மேல் விளிம்பில் போய் முட்டியது. அதைக் காட்ட அளவுகோலையே மாற்ற வேண்டியதாயிற்று.

அந்தச் சனி ஞாயிறும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. அதற்கு முந்தியதும் போகவில்லை. கடைசியாக எப்போது போனாள் என்று கேட்டால் அவளே யோசிக்க வேண்டும். திங்கட்கிழமைக் கோட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட வேண்டுமே.

"அம்மா," என்று பாப்பா போனில் கத்தினாள். "அத்தை வீட்டுக்குப் போனோமே. நான்தான் தொட்டேன். பச்சை எனக்கு. அப்பாவுக்குப் பக்கத்துப் பச்சை."

"அப்படியா செல்லம்?" என்றாள், கண் கணினியில் இருந்தது. அத்தை மகனோடு கலர் பென்சில் சண்டை என்று நினைத்துக்கொண்டாள். "எல்லாருக்கும் கொடுத்து விளையாடணும்."

"கொடுக்க முடியாதும்மா. தொட்டா அது எனக்குத்தான்."

"சரி சரி. அப்பாகிட்ட கொடு."

அப்பா வாங்கினான். பதில் சொல்லும் நாள் நெருங்குவதை அவன் சொல்லவில்லை. பாப்பாவுக்கு ஒரு பல் ஆடுகிறது என்று மட்டும் சொன்னான். அதுவே அவளை அதிகமாகத் தைத்தது.

திங்கட்கிழமை அவள் தன்னுடைய கடைசி ஆயுதத்தை எடுத்தாள். இதுவரை கோடு போன போக்கைக் கொடுத்தால், இனி எப்படிப் போகும், என்றைக்குத் தரையைத் தொடும் என்று கணினியே கணித்துச் சொல்லும். அந்தக் கணக்கை அவள்தான் தயார் செய்திருந்தாள். நல்ல தகவல் சேரட்டும் என்று காத்திருந்தாள். இப்போது வண்டி வண்டியாகத் தகவல் இருக்கிறது. பொத்தானை அழுத்தினாள்.

கணினி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு 'முடிவு நாள்' என்பதற்கு நேரே எழுதியது: இல்லை.

அவள் மறுபடி அழுத்தினாள். மறுபடியும் இல்லை. தாமதம் என்றால் அவளுக்குப் பழக்கம். அடுத்த வருஷம் என்று வந்திருந்தால்கூட அழுதுவிட்டுக் கணவனிடம் சொல்லியிருப்பாள். இல்லை என்றால் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அறையைவிட்டு வெளியே வந்தாள். இத்தனை நாளாக எண்களைப் பார்த்தாளே தவிர, ஆட்களைப் போய்ப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று? கூடத்தில் மேசை மேசையாக நடந்தாள். எல்லாரும் தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். வேலை பறந்துகொண்டிருந்தது. இவ்வளவு மும்முரமாக வேலை செய்தால் ஏன் முடியவில்லை? ஒரு மேசையில் குனிந்து திரையைப் பார்த்தாள். காலை அறிக்கை. அடுத்த மேசையிலும் காலை அறிக்கை. அதற்கடுத்தவன் வேகக்காரன், மாலை அறிக்கையை இப்போதே எழுதிக்கொண்டிருந்தான். ஜன்னலோரம் கண்ணாடி அக்கா, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "எழுத்து சின்னதா இருக்குன்னு ஒரு பாட்டியம்மா சொன்னாங்களா? சரி, பெருசு பண்ணிக் கொடுத்துடறோம்," என்று யாரிடமோ பேசியபடியே 'வித்தியாச விளக்கம்' நிரப்பிக்கொண்டிருந்தாள்.

அவள் அறைக்குத் திரும்பிப் பட்டியலை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பக்கம் நிஜமான வேலை. இன்னொரு பக்கம் அறிக்கை, உறுதி, விளக்கம். இரண்டாவது பக்கம் உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. அதன் அடியில், படிவம் வருவதற்கு முன்னால் திங்கட்கிழமைதோறும் சேர்ந்த 'வாரக் கணக்கு'களும் இருந்தன. கோட்டை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்த கை யாருடையது என்று தெரிந்துவிட்டது. அளக்க அளக்க வேலை வளர்ந்திருக்கிறது.

முதல் பக்கத்தைப் பார்த்தாள். அதுவாவது ஆறுதல் தருமா என்றால், அதுவும் இல்லை. இருக்கைப் படம்: தொண்ணூற்றொன்பது. டிக்கெட் அச்சு: தொண்ணூற்றொன்பது. கணக்கு, செய்தி, எல்லாமே தொண்ணூற்றொன்பது. ஆரம்பத்தில் செய்ய வேண்டிய இருக்கைப் படமே இன்னும் முடியவில்லை. அறிக்கை எழுதிக்கொண்டிருந்தால் அவர்கள் எப்போது முடிப்பார்கள்?

நேராக மேலாளரிடம் போனாள். பூக்கள் வாடியிருந்தன. மேலாளர் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சார், தப்பு என்மேலதான். நான் அளக்கறதுதான் வேலையைக் கூட்டுது. அறிக்கை எல்லாத்தையும் நிறுத்திடலாம்."

மேலாளர் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். அவள் சொன்னதை நிஜமாகவே யோசித்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

"நல்ல யோசனைம்மா. ஆனா நிறுத்தினா நல்லது நடக்குதான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார்."

"அதான் பாரு. நிறுத்தலாமா வேண்டாமான்னு எல்லார்கிட்டயும் ஒரு அறிக்கை வாங்கிக் கொடு. பார்த்து முடிவு பண்ணலாம்."

அவள் திரும்பி வந்து அதையும் பட்டியலில் சேர்த்தாள். கண்ணெதிரே கோடு ஒரு மயிரிழை உயர்ந்தது.

அன்று சாயங்காலம் கணவனுக்கு அவளே போன் செய்தாள்.

"என்னங்க, இல்லைன்னு வருது."

"எது இல்லை?"

"முடிவு நாள். அப்படி ஒண்ணு இல்லவே இல்லையாம். இருக்கைப் படமே இன்னும் முடியலைங்க. எல்லாம் என்னாலதான்." விடுதியின் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஏறி இறங்குகிறவர்கள் பார்த்தும் பாராமல் ஒதுங்கிப் போனார்கள்.

அவன் அவளை அழவிட்டான். பிறகு சொன்னான்: "காலை ஷிப்ட் வேண்டாம்னு நாளைக்கே சொல்லிடறேன்."

"பதவி உயர்வு?"

"அது எங்க போகுது. வேற யாருக்காவது போகும். நீ கணக்கெல்லாம் போடாதே. வெள்ளிக்கிழமை வா. ரெண்டு நாள் இருந்துட்டுப் போ. பாப்பா பல்லு உனக்காகத்தான் காத்திருக்கு, ஆட்டிக் காட்டணுமாம்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். கணினியை அணைத்தாள். சுவரில் இருந்த கோட்டைப் பார்க்காமலே வெளியே வந்தாள். வழக்கமாக ரயிலில்தான் போவாள். திடீரென்று கிளம்பினால் ரயிலில் இடம் ஏது? பஸ் நிலையத்துக்குப் போனாள்.

நல்ல கூட்டம். டிக்கெட் ஜன்னலில் அவளுக்கு முன்னால் ஒரு அப்பாவும் மகனும். பையனை அப்பா தூக்கிப் பிடித்திருந்தார். அவன் ஜன்னலுக்குள் கையை நீட்டி எதையோ தொட்டுவிட்டு, "எனக்கு," என்றான்.

அவள் முறை வந்தது. உள்ளே ஒரு நடுத்தர வயது அம்மாள், காதில் பென்சில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர்ப் பெயரைச் சொன்னதும், பக்கத்திலிருந்த சின்னத் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

"பச்சையா இருக்கறதெல்லாம் காலி. எது வேணுமோ விரலால தொடும்மா."

திரையில் ஒரு பஸ் படுத்துக் கிடந்தது. வரிசை வரிசையாக இருக்கைகள். கூட்டம் போட்டுச் சண்டை பிடித்து ஜெயித்த அதே பச்சை. முன் மூலையில் ஓட்டுநருக்கு ஒரு குட்டி உருவம், அதற்குத் தாடி வைத்திருந்தது.

அவள் விரல் தானாகப் போய் ஜன்னலோர இருக்கை ஒன்றைத் தொட்டது. பச்சை மறைந்து சாம்பல் நிறமாயிற்று. தொட்டால் அது எனக்குத்தான் என்று பாப்பா சொன்னது காதில் கேட்டது. பக்கத்துப் பெட்டி 'கர்ர்' என்று டிக்கெட்டைத் துப்பியது. தாளின் அளவு, எழுத்தின் அளவு, ஓரம், கிழிக்கும் இடம், எல்லாம் சரியாக இருந்தன. எழுத்து பாட்டியம்மாளும் படிக்கிற மாதிரி பெரிதாக இருந்தது.

பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவள் நகரவில்லை.

"இது... சும்மா சோதனைக்கு வெச்சிருக்கீங்களா?"

"என்னது?"

"இந்த மென்பொருள். இன்னும் முடியலையே. எத்தனை சதவீதம் முடிஞ்சிருக்குன்னு சொன்னாங்களா உங்ககிட்ட?"

அந்த அம்மாள் காதிலிருந்த பென்சிலை எடுத்து, அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்திருக்க வேண்டும். டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் வைத்து, பரிவாகச் சொன்னாள்:

"சதவீதமா? இது வந்ததும் பழைய டிக்கெட் கட்டையெல்லாம் எடைக்குப் போட்டே ரொம்ப நாளாச்சும்மா. இதைச் செஞ்சவங்க எல்லாம் எப்பவோ வேலையை முடிச்சுட்டு, அவங்கவங்க வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாங்க."